எட்டாவது இலை

சிங்கப்பூர்
25 ஆகஸ்ட் 1974

மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியின் ஊசி மகாராணி, என் அண்ணன் மகள் தையல்நாயகிக்கு, ஏழு கடலையும் எழுநூறு காப்பிக்கடையையும் கடந்து இன்னும் தாகம் தீராத உன் சித்தப்பன் கோதண்டம் பிள்ளை எழுதுவது. நான் நலம். என் இடுப்பு நலமில்லை. அது தனியாக உனக்குக் கடிதம் போடும். உன் நலமும் அண்ணியின் நலமும் அறிய ஆவல். அண்ணி இன்னும் சர்க்கரை டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துத்தான் சாப்பிடுகிறாளா?

பத்திரிகை ஆசிரியர் கடைசியில் என் அருமையை உணர்ந்துவிட்டார். ஐந்து மாதம் ஊர் ஊராகச் சுற்றி, வாராவாரம் ஒரு தெருவை எழுத வேண்டும். தொடருக்குப் பெயர் 'தெருவெல்லாம் நானே'. பெயர் வைத்தது யார் என்று நீ கேட்க மாட்டாய்.

நேற்றுச் சாயங்காலம் சைனா டவுனில் தெருவை அடைத்து மேடை போட்டிருந்தார்கள். சீனர்களுக்கு ஏழாம் மாதம். கூத்து இன்னும் தொடங்கவில்லை. பின்னால் நிற்க இடமில்லை, முன்வரிசை முழுக்கக் காலி. உலகம் எனக்காக நாற்காலி போட்டு வைத்திருக்கிறது என்று நம்புவது என் சுபாவம். நட்டநடு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். கடலை விற்கும் சீனத்தி ஒருத்தி பாய்ந்து வந்தாள்.

"யோவ் மீசை! எழுந்திரு! எங்க மாமியார் மடியில உக்காந்திருக்கே!"

"எங்கம்மா மாமியார்? யாரையும் காணோமே?"

"செத்து ஒம்பது வருசமாச்சு. உசுரோட இருந்தப்பவே பொல்லாதது. எழுந்திருய்யா, ஒட்டிக்கிச்சுன்னா உன் வீடு வரைக்கும் வந்துடும்!"

எழுந்து, காலி நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டு, "மன்னிச்சிடுங்க மாமி, உங்க மடி ரொம்ப மெத்துன்னு இருந்துச்சு" என்றேன். முந்நூறு பேர் சிரித்தார்கள். கட்டுரையில் மூவாயிரம் பேராகச் சிரிப்பார்கள்.

நீ கேட்டதை மறக்கவில்லை. அண்ணன் வயலினைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போய் இரண்டரை வருஷமாயிற்று. வரப்போகும் போகிக்குள் சேதி எதுவும் தெரியாவிட்டால், செத்தவர்களுக்கு வைக்கும் பார்ச்சுப் படையலில் அவனுக்கும் ஒரு இலை போட்டுவிடுவேன் என்று அண்ணி ஒற்றைக் காலில் நிற்கிறாள் என்று எழுதியிருந்தாய். நிற்கட்டும். அவள் அடுத்த காலை ஊன்றுவதற்குள், பினாங்கிலோ மேடானிலோ பாங்காக்கிலோ அவன் காதைப் பிடித்து இழுத்து வந்து உங்கள் வாசலில் நிறுத்துவேன். இது இந்த மீசையின் மேல் ஆணை.

உன் சித்தப்பன்,
கோதண்டம்


காஜா பெராங், மலாக்கா
4 செப்டம்பர் 1974

அன்புள்ள சித்தப்பாவுக்கு, நாயகியின் வணக்கம். இங்கே நாங்கள் நலம். அம்மாவின் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. உங்கள் இடுப்புக்குத் தைலம் அனுப்பட்டுமா?

சீனர்கள் செத்தவர்களுக்கு நாற்காலி போடுகிறார்கள். நம் வீட்டில் உயிரோடு இருப்பவருக்கு இலை போடப் பார்க்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, சித்தப்பா.

நம் வீட்டுப் படையலில் ஏழு இலை. ஏழு பேரையும் நாம்தான் புதைத்தோம், எரித்தோம். எட்டாவது இலை விழுந்துவிட்டால் அப்பா திரும்பி வந்தாலும் வாசல் ஏற முடியாது. சின்னத் தாத்தாவுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், செத்துவிட்டார் என்று சேதி வந்தது, இலை போட்டோம். யுத்தம் முடிந்து அவர் எலும்பும் தோலுமாய் வந்து வாசலில் நின்றபோது, இலை விழுந்தவன் வாசல் வழியாக வரக்கூடாது என்று கதவைச் சாத்தினார்கள். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். யாரும் அப்புறம் அவரைப் பார்க்கவில்லை. அவருக்கு இலை போடுவதும் அதோடு நின்றது. உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். பெரியவர்கள் சொன்னபடி உள்ளே தாழ்ப்பாள் போட்டவர் அப்பா. அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார்.

அப்பாவை அடையாளம் காண நீங்கள் சிரமப்பட மாட்டீர்கள். இருந்தாலும் இளைத்தோ தாடி வளர்த்தோ இருந்தால், காப்பி குடிப்பதைப் பாருங்கள். குடித்து முடித்ததும் கோப்பையைத் தட்டில் கவிழ்த்து அதன் மேல் கரண்டியை வைப்பார். ஈ விழக்கூடாதாம். காலிக் கோப்பையில் ஈ விழுந்தால் என்ன என்று கேட்டால், "ஈக்கு ஏமாற்றமா இருக்கும்ல" என்பார்.

அவர் போனபோது நான் சிரம்பானில் நர்ஸ் படிப்பில் இருந்தேன். ஏன் போனார் என்று யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாயகி


பினாங்கு
30 செப்டம்பர் 1974

ஈக்களுக்கும் இரங்கும் வம்சத்தில் பிறந்த நாயகிக்கு, பினாங்குச் சக்கரவர்த்தி கோதண்டத்தின் ஆசிகள். நலம், நலமே விளைக. தைலம் வேண்டாம். இங்கே ஒரு சீன வைத்தியர் என் இடுப்பில் தேளையோ புலியையோ அரைத்துப் பூசினார். அன்றிலிருந்து நான் நடந்தால் பூனைகள் வழிவிடுகின்றன.

இங்கே ஒரே தெருவில் மாதா கோயில், சீனத்து அம்மன் கோயில், நம் மாரியம்மன் கோயில், பெரிய பள்ளிவாசல், எல்லாம் கல்லெறியும் தூரத்தில். விடிந்தால் மணி, ஊதுபத்தி, நாதஸ்வரம், பாங்கு. சாமிகளுக்குள் தகராறு வந்தால் முனையிலிருக்கும் தேத்தண்ணிக்கடை பாய்தான் தீர்ப்பு சொல்வார் போலிருக்கிறது. அத்தனை அதிகாரம் அவர் முகத்தில். தேத்தண்ணியை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றும்போது நடுவில் ஒரு ஆள் குனியாமல் நடந்து போகலாம்.

பாய் என்னைப் பார்த்ததும் தமிழில் ஏதோ பொழிந்தார். நான் உனக்கு எழுதும் இதே மலாயில் விழித்தேன்.

"மூஞ்சியப் பாத்தா நம்மாளு. வாயத் தொறந்தா மலாய்க்காரரு. தமிழு தெரியாதா?"

"நானூறு வருசத்துக்கு முன்னாடி தெரிஞ்சிருந்துச்சு பாய். மலாக்காவுல இறங்கறப்போ கப்பல்லயே விட்டுட்டோம்."

"பேரு?"

"கோதண்டம் பிள்ளை."

"அத மட்டும் ஏன்யா தூக்கிட்டு எறங்குனீங்க? கனக்கலையா?"

இப்போது சேதிக்கு வருகிறேன். போன வருஷம் வரை படகுத்துறைப் பக்கம் வயலின் பெட்டியோடு ஒரு ஆள் இருந்தாராம். வாசிக்கவே மாட்டாராம். மேடான் கப்பலில் ஏறிப் போய்விட்டாராம். அண்ணனேதான். பாய் இன்னும் ஏதோ சொன்னார், அது உப்புப் பெறாத விஷயம், விடு.

ஏன் போனான் என்று கேட்டிருந்தாய். கலைஞர்களுக்குக் காலில் சக்கரம். எனக்கு நாலு சக்கரம், அவனுக்கு இரண்டு. வேறென்ன காரணம் வேண்டும்? அடுத்த வாரக் கப்பலில் மேடான்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

கோதண்டம்


மலாக்கா
12 அக்டோபர் 1974

அன்புள்ள சித்தப்பாவுக்கு, வணக்கம். நலம். அங்கே நலமா?

நீங்கள் ஒரு விஷயத்தை விடு என்று எழுதினால் அது நிச்சயம் உப்புப் பெறும் விஷயம். பாய் என்ன சொன்னார்?

அம்மா கொல்லையில் எட்டு வாழைக் குருத்துக்கு இப்போதே நூல் கட்டி அடையாளம் வைத்திருக்கிறாள். ஏழு வெள்ளை நூல். ஒன்று மஞ்சள். தினமும் காலையில் நான் மஞ்சளை அவிழ்த்துவிட்டு வேலைக்குப் போகிறேன். சாயங்காலம் திரும்பினால் கட்டியிருக்கிறது.

சீக்கிரம் எழுதுங்கள்.

நாயகி


மேடான்
3 நவம்பர் 1974

நாயகிக்கு, சுமத்ரா தீவையே சுருட்டிச் சட்டைப்பையில் வைத்திருக்கும் சித்தப்பன் எழுதுவது. மிக நலம், அதி நலம். நீங்களும் அவ்வாறே என நம்புகிறேன்.

இந்த ஊரைப் பற்றி எழுதப் பத்துக் கை வேண்டும். இந்தத் தீவின் மலைநாட்டுப் பத்தாக்கியர் சண்டை போட்டால் பாட்டு மாதிரி இருக்கிறது, பாடினால் சண்டை மாதிரி இருக்கிறது. பஸ்ஸில் இருவர் கட்டிப் புரளப் போகிறார்கள் என்று நான் நடுவில் விழுந்து தடுத்தேன். "என்ன அங்கிள், மச்சினனோட பேசக்கூட விடமாட்டியா?" என்று இருவரும் என்னையே அடிக்க வந்தார்கள். மினாங்காரர் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவன் தோளிலிருந்து விரல்நுனி வரை இருபத்திரண்டு தட்டை அடுக்கிக்கொண்டு வருகிறான். தும்மினால் ஒரு கிராமத்தின் கல்யாண விருந்து தரையில். எல்லாத் தட்டையும் மேசையில் பரப்பிவிடுவார்கள். தொடாத தட்டு அடுத்த மேசைக்குப் போய்விடும். நான் கண்ணால் தொட்டதற்கெல்லாம் கணக்கில்லை என்பது இந்த நாட்டின் பெருங்கருணை.

தினமும் மூன்று மணிக்கு மழை. கெசாவன் தெருவில் நடைபாதைக் கூரைக்கடியில், மருந்துக்கடை வாசலில், குடை தைக்கிற ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மூன்று சக்கரப் பெச்சா வண்டி மிதிக்கும் பெச்சாக்காரன் வந்து, "தாத்தா, போன வாரம் தைச்ச குடை திரும்ப ஒழுகுது" என்றால், "குடை ஒழுகல, மழைதான் உள்ள வந்து பாத்துட்டுப் போகுது" என்கிறார். பக்கத்தில் கவிழ்த்த கோப்பை, மேலே ஒரு கரண்டி, கொடிக்கம்பம் போல. அவர் எதிரில் உட்கார்ந்து நான் எட்டு நாளாகக் குடையே இல்லாமல் குடை தைத்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணனைப் பற்றி இப்போதைக்கு எழுத ஒன்றுமில்லை.

ஒரு சின்ன விஷயம். இங்கே ஒருவரோடு பந்தயம். அண்ணி இதற்கு முன் எப்போதாவது அண்ணனுக்கு இலை போட்டதுண்டா? இல்லை என்று உன் கையெழுத்தில் ஒரு வரி எழுதி உடனே அனுப்பு. அந்த ஒரு வரி போதும். மற்ற வம்பு எதுவும் அதில் வேண்டாம். பந்தயத்தில் உன் சித்தப்பன் தோற்கக்கூடாது அல்லவா?

கோதண்டம்


மலாக்கா
13 நவம்பர் 1974

அன்புள்ள சித்தப்பாவுக்கு, வணக்கம். உடம்பு எப்படி இருக்கிறது?

இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் தெரியாததைத் தெரிந்ததாக எழுதிப் பழக்கமில்லை. அடுப்படிக்குப் போய் அம்மாவைக் கேட்டேன். அம்மா மிளகாய் அரைப்பதை நிறுத்தவில்லை.

"போட்டேன்டி. போன போகிக்கு."

"எங்கம்மா? ஏழு இலைதான் இருந்துச்சு. நான்தானே எண்ணி வெச்சேன்."

"நீ வெளிய போனப்புறம், செத்தவங்க வந்து சாப்பிடக் கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி. அலமாரிக்குப் பின்னால கையகல இலை. கொஞ்சம் சோறு, பிண்டாங் மீன் துண்டு ஒண்ணு. செத்துக் கிடந்து பசியோட வந்து நின்னார்னா? எல்லாரும் சாப்பிடறதைப் பாத்துக்கிட்டு நிப்பாரா அந்த மனுசன்? அதான் போட்டேன். போ, போய் உன் சித்தப்பனுக்கு எழுது."

எழுதிவிட்டேன். நீங்கள் பந்தயத்தில் தோற்றுவிட்டீர்கள்.

இன்னொன்று. அந்த அலமாரியை நகர்த்திப் பார்த்தேன். இலை இல்லை. பின்பலகை இடுக்கில் மடித்துச் செருகிய பத்திரிகைத் தாள் இருந்தது. 1971 செப்டம்பர். உங்கள் கட்டுரை. 'அகப்பை வித்துவான்'. ஒரு பாபா சீனர் வீட்டுக் கல்யாணத்தில் வயலின் வித்துவான் ஒருவர் மூக்கு முட்டக் குடித்துவிட்டு, வில்லுக்குப் பதில் அகப்பையை எடுத்து வாசித்தார் என்றும், மணப்பெண் மயங்கி விழுந்தாள் என்றும், தெரு நாய்கள் மட்டும் கைதட்டின என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெயர் போடவில்லை. மலாக்காவில் எத்தனை வயலின் வித்துவான்கள், சித்தப்பா?

அப்பா குடித்ததே இல்லை. அன்றைக்கு ஒரு கம்பி அறுந்ததாம், மூன்று கம்பியில் வாசித்து முடித்தாராம். அவ்வளவுதான் நடந்தது என்று அம்மா சொன்னாள். அதன் பிறகு யாரும் கச்சேரிக்குக் கூப்பிடவில்லை. காப்பிக்கடையில் உட்கார்ந்தால் எதிரில் அகப்பையை வைத்தார்கள். பொங்கல் அன்று நம் வீட்டு வாசலிலேயே யாரோ ஒன்றை மாலை போட்டுக் கட்டித் தொங்கவிட்டார்கள். மறுநாள் அவர் இல்லை.

பாய் சொன்ன உப்புப் பெறாத விஷயம் இதுதானா?

நாயகி


மலாக்கா
4 டிசம்பர் 1974

சித்தப்பா,

மூன்று வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நேற்று ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி காப்பி குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். வீட்டுக்கு ஓடிவந்து உங்கள் மேடான் கடிதத்தை எடுத்துப் படித்தேன்.

குடை தைக்கிறவர் அப்பா. பந்தயமும் அவரோடுதான்.

என் போன கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். அவரிடம் காட்டாதீர்கள். இந்தத் தாளைக் காட்டுங்கள்.

அம்மா அப்பாவுக்கு ஒருபோதும் இலை போடவில்லை. இது சத்தியம். தையல்நாயகி எழுதுகிறேன்: இலை போடவில்லை.


மேடான்
9 டிசம்பர் 1974

நாயகிக்கு,

உன் 4-ஆம் தேதிக் கடிதம் இன்று காலை வந்தது. உன் முந்தைய கடிதம் நவம்பர் 22-இல் வந்தது. தபால்காரன் அதை அண்ணன் கையில்தான் கொடுத்தான்.

பாய் சொன்னதும் அந்த அகப்பைக் கதைதான். நடந்ததை எழுதுகிறேன். அக்டோபர் 26 அன்று மழைக்கு ஒதுங்கியபோது அவனைக் கண்டேன். நாற்பத்தாறு வயதுக்காரனைப் பெச்சாக்காரர்கள் தாத்தா என்று கூப்பிடுகிறார்கள். தலை நிமிராமலே சொன்னான்.

"யாரு, கோதண்டமா? இந்த ஊரையும் எழுத வந்துட்டியா?"

"எழுத வரலண்ணே. உன்னைக் கூப்பிட வந்தேன்."

"குடை இருந்தா குடு. தைச்சுத் தரேன்."

வயலின் எங்கே என்று கேட்டேன். அதன் கம்பிகள் நான்கும் நான்கு குடைகளில் இருக்கின்றன என்றான்.

ஐந்து நாள் கெஞ்சினேன். நான் எழுதியதற்குக் காலில் விழுந்தேன். "எழுந்திரு, சட்டை அழுக்காகுது" என்றான். கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ரோஷம் வந்தாலாவது கிளம்புவான் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தேன்.

"நீ இங்க உக்காந்திரு. அங்க உனக்கு இலையே போட்டாச்சு! எட்டு இலையைச் சேத்துத் தைச்ச மாதிரி ஒரு இலை. முழுப் பாராங் மீன் பிண்டாங். தெருவே ஒப்பாரி வெச்சுது. வந்து உன் கையால அந்த இலையைத் தூக்கிப் போடு, வா!"

அவன் ஊசியைக் கீழே வைத்தான்.

"எப்போ?"

"சும்மா சொன்னேண்ணே. பொய்."

"எது பொய்? அகப்பையும் பொய்தான். எல்லாருக்கும் அது நெசமாயிடுச்சே."

அப்புறம் அவனே சொன்னான். "நாயகி பொய் எழுத மாட்டா. இல்லைன்னு அவ எழுதட்டும். மறுநாளே கிளம்பறேன்."

உன்னிடம் உண்மையை எழுதியிருக்கலாம். அவனைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுதி, அவன் வராமல் போனால் என்ன செய்வது என்று பயந்தேன். கூட்டி வந்து வாசலில் நிறுத்தி, உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்கிற ஆசையும் இருந்தது. இரண்டும் உண்மை.

பதினெட்டு நாள் தபால்காரனுக்காகக் காத்திருந்தான். சந்தையில் நீலக் கோடு போட்ட சட்டை ஒன்று வாங்கினான். "அவ அடையாளம் கண்டுக்குவாளா?" என்று கேட்டான். தாடியை எடுத்தான்.

கடிதத்தை முழுக்கப் படித்தான். மடித்து என்னிடம் கொடுத்தான். "கையகல இலைதான் போட்டிருக்கா. நீதான் பெருசாக்கிட்டே" என்றான். சிரித்தான். பிறகு, "சின்னத் தாத்தா கொஞ்ச நேரம் நின்னார்டா. தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டப்புறம்தான் போனார்" என்றான்.

மறுநாள் காலை மருந்துக்கடை வாசல் காலி. அந்தச் சட்டை மடித்து வைத்திருந்தது. இன்றோடு பதினாறு நாளாகத் தேடுகிறேன். கட்டுரை எதுவும் அனுப்பவில்லை.

கோதண்டம்


மலாக்கா
19 டிசம்பர் 1974

சித்தப்பா,

சாப்பாட்டுக் கடைத் தட்டுகளை இருபத்திரண்டு என்று எண்ணி எழுதினீர்கள். 'அப்பா பக்கத்தில் இருக்கிறார்' என்று மூன்று வார்த்தை எழுதியிருந்தால் போதும். நான் ஆயுளுக்கும் பொய் சொல்லியிருப்பேன்.

இத்துடன் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். நம் வாசல் கதவின் தாழ்ப்பாள். நானும் அம்மாவும் கழற்றினோம். ஆணி துருப்பிடித்திருந்தது, ஒரு மதியம் முழுக்கப் பிடித்தது. அப்பாவிடம் கொடுங்கள். அவர் போட்ட அதே தாழ்ப்பாள் என்று அவருக்குத் தெரியும். கதவில் இப்போது ஒன்றும் இல்லை, காற்றடித்தாலே திறந்துகொள்கிறது என்று சொல்லுங்கள். அம்மா மஞ்சள் நூலைத் தானே அவிழ்த்துவிட்டாள் என்றும் சொல்லுங்கள்.

வேறு எதையும் நீங்களாகச் சேர்த்துச் சொல்ல வேண்டாம்.

நாயகி


பினாங்கு
6 ஜனவரி 1975

நாயகிக்கு,

டிசம்பர் 29 அன்று ஒரு பெச்சாக்காரன் வந்து சொன்னான். துறைமுகத்துச் சரக்குக் கொட்டகையில், மழையில் நனைந்து காய்ச்சலோடு கிடந்தவனைத் தர்ம ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று. போனேன். அண்ணன்தான். நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது. கண் திறந்திருந்தது. பேச்சு இல்லை.

பொட்டலம் அதற்கு முந்தின நாள்தான் வந்திருந்தது. தாழ்ப்பாளை அவன் கையில் வைத்தேன். நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். வேறெதுவும் சேர்க்கவில்லை.

விரல்கள் அதைப் பிடித்துக்கொண்டன. கையில் எதை வைத்தாலும் அப்படித்தான் பிடிக்கும் என்று நர்ஸ் சொன்னாள். உனக்கே தெரிந்திருக்கும். அது என்னவென்று அவனுக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. புரிந்தது என்றும் சிரித்தான் என்றும் உன் பெயரைச் சொன்னான் என்றும் எழுதக் கை துடிக்கிறது. எனக்குத் தெரியாது, நாயகி.

ஜனவரி முதல் தேதி காலை பத்து மணி சுமாருக்கு இறந்தான். நீலக் கோடு சட்டையைப் போட்டுவிட்டேன். நான்தான் கொள்ளி வைத்தேன். என்னோடு பெச்சாக்காரர்கள் நான்கு பேர், மருந்துக்கடைச் சீனர் ஒருவர். ஐந்து பேர்தான்.

அவன் ஊசியும் தாழ்ப்பாளும் என்னிடம் இருக்கின்றன. போகிக்கு முன் வீட்டுக்கு வரலாமா? உன் ஒரு வரிக்காக இங்கே, பாய் கடைக்கு மேல் அறையில் காத்திருக்கிறேன். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்?

கோதண்டம்


மலாக்கா
15 ஜனவரி 1975

சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதம் போகி அன்று காலையில் வந்தது. முதல் தடவையாக எதையும் பெரிதாக்காமல் எழுதியிருந்தீர்கள். அதனால் ஒவ்வொரு வார்த்தையையும் நம்பினேன்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா கொல்லைக்குப் போய் மஞ்சள் நூலைத் தேடினாள். கிடைக்கவில்லை. நூல் இல்லாமலே அறுத்தோம்.

எட்டாவது இலையை ஏழு இலைகளோடு வரிசையில் போட்டோம், அலமாரிக்குப் பின்னால் இல்லை. சோறு, பிண்டாங் மீன், கந்தர் கஸ்தூரிப் பலகாரம், ஒரு கோப்பை காப்பி. கரண்டியைப் பக்கத்தில் வைத்தேன். அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று.

சாம்பிராணி போட்டுக் கதவைச் சாத்த வேண்டிய நேரம் வந்தது. தாழ்ப்பாள் இல்லாத கதவு நிற்கவில்லை. அம்மா அதில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அரைமணி நேரம் அப்படியே இருந்தாள். பிறகு திறந்து பார்த்தோம். எல்லாம் வைத்தபடி இருந்தது. காப்பியில் ஒரு ஈ விழுந்திருந்தது.

அதற்கு முன்னால் செய்த ஒன்றையும் உங்களுக்கு எழுத வேண்டும். நான் ஒன்பது இலை அறுத்தேன். ஒன்பதாவதை வரிசையின் கடைசியில் போட்டேன். சோறு வைக்கவில்லை. அம்மா பார்த்தாள். யாருக்கு என்று கேட்கவில்லை. அடுப்படிக்குப் போய் அகப்பையைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்தாள்.

தாழ்ப்பாளை அனுப்ப வேண்டாம். புதிது வாங்கிப் பொருத்திவிட்டோம்.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. இலை விழுந்தவர்களிடம் நலம் விசாரிப்பது நம் வீட்டு வழக்கமில்லை.

தையல்நாயகி